இடம் இல்லை என்று சொல்லாதவர்

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் எனக்கு ஓசூரிலிருந்து கண்டக்டர் அண்ணாச்சியின் போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. எடுத்த எடுப்பில், "தம்பி, சேத்தூர்ப் பக்கம் எம்புட்டு மழை? கரை இருக்கா?" என்பார். நான் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். கண்மாய்க் கரையில் குடையோடு நின்று ஒரு தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்ப்பேன். பார்த்து என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. "இருக்கு அண்ணாச்சி" என்று போனில் சொல்லிவிட்டு நனைந்துகொண்டே திரும்பி வருவேன். போன வருஷம் அப்படித்தான் சொன்னேன். இந்த வருஷமும் இதுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மகள் வீட்டுக்குப் போய்விட்ட மனிதர். அங்கே அபார்ட்மெண்டில் நாலாவது மாடி. கண்மாய்க் கரையைப் பற்றி அங்கே பேசுவதற்கு ஆள் கிடையாது. அதனால் என்னிடம் பேசுகிறார்.

நான் படித்த காலத்தில் அவர் டவுன் பஸ் கண்டக்டர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வழியாகச் சேத்தூர் போகிற பஸ். அந்த பஸ்ஸில் ஏற வந்த யாரையும் அவர் விட்டுவிட்டுப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. கோழிக்கூடையோடு நிற்கிற பொம்பளை, பால்கோவா டின் நாலைத் தோளில் வைத்திருக்கிற ஆள், கட்டுப் போட்ட காலோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் என்று யார் கை காட்டினாலும் விசில் ஊதிவிடுவார். உள்ளே மூச்சு விட இடமிருக்காது. "எடம் இருக்கு, எடம் இருக்கு, செத்த உள்ள தள்ளுங்க. எல்லாரும் வீட்டுக்குத்தானே போறோம்" என்பார். திட்டிக்கொண்டே எல்லோரும் தள்ளுவார்கள். எப்படியோ இடம் வந்துவிடும்.

ஆடிப்பூரத் தேரன்று சாயங்காலம் ஒரு தடவை பஸ் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. டிரைவர், ஆளை இறக்கினால்தான் எடுப்பேன் என்று இஞ்சினை அணைத்துவிட்டார். படிக்கட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண். அவரை இறக்க இவருக்கு மனசு வரவில்லை. தானே இறங்கி, பின்னால் இருக்கிற ஏணியில் தொற்றிக்கொண்டு, டிக்கெட் பையை வயிற்றோடு அணைத்தபடி விசில் ஊதினார். அடுத்த நாள் அவருக்கு மெமோ. அந்த மெமோவை எல்லோரிடமும் காட்டுவார். வருத்தமாகக் காட்டுகிறாரா பெருமையாகக் காட்டுகிறாரா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ரிட்டயர்டு ஆன பிறகுதான் மரத்துக்கு வந்தார். அதற்குள் நான் ராஜபாளையத்தில் ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கிற கடை வைத்துவிட்டேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என்னிடம் வரும். மரம் நடுகிறவர்களும் வருவார்கள். சுற்றுச்சூழலைக் காப்போம் என்று பிளாஸ்டிக் போர்டில் அடித்துக் கொடுக்கிறவன் என்று என்னை நானே கேலி செய்துகொள்வதுண்டு. அடுத்தவர் செய்வதற்குள் நாம் செய்துவிடுவது நல்லது.

எங்கள் பக்கத்தில் அப்போது இரண்டு கூட்டம் மரம் நட்டது. ஒன்று ராஜபாளையம் கூட்டம். மில் முதலாளிகள், டாக்டர்கள், மொத்த வியாபாரிகள். பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார்கள். புங்கன், வேம்பு, வாகை என்று ஆள் உயரக் கன்றாக வைப்பார்கள். கன்றைச் சுற்றி இரும்புக் கூண்டு, கூண்டில் நன்கொடையாளர் பெயர், வாரம் ஒரு முறை தண்ணீர் லாரி. இன்னொன்று ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன்கள். சென்னையில் வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு தாடித் தம்பிதான் அவர்களுக்குத் தலை. அவர்களுக்குப் பனை மட்டும்தான். கூண்டு கூடாது, பெயர் கூடாது, பிளாஸ்டிக் கூடாது, லாரித் தண்ணீர் கூடாது. மண்ணில் வருவதை மண்ணே வளர்க்கட்டும் என்பார்கள்.

பச்சைத் தொப்பிக்காரர்கள் பனைக்காரர்களைப் பார்த்து, "வெதையப் பொதைச்சிட்டுப் போயிருதாங்க, மரம் எங்க?" என்பார்கள். பனைக்காரர்கள், "இவங்க போட்டோவுக்கு மரம் வைக்கிறாங்க" என்பார்கள். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் நிஜம் இருந்தது. ஆனால் இரண்டு பேருமே நல்லவர்கள் என்பதுதான் இதில் பெரிய தொந்தரவு. ஒருவன் கெட்டவனாக இருந்தால் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

இரண்டிலும் இருந்த ஒரே ஆள் கண்டக்டர் அண்ணாச்சி. பச்சைத் தொப்பிக்காரர்களின் வெள்ளை டீ-ஷர்ட்டுக்கு மேலே பனைக்காரர்களின் காவி டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். காலையில் செண்பகத்தோப்புப் போகிற வழியில் பனைக்காரர்களோடு வேலை. அது முடிந்ததும் மேல் சட்டையைக் கழற்றிச் சுருட்டி ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுவிட்டு ராஜபாளையத்துக்கு வந்து பச்சைத் தொப்பியை மாட்டிக்கொள்வார். "அண்ணாச்சி, ஒரு நாளைக்குச் சட்டை மாறிப் போயிரப் போகுது" என்று கிண்டல் செய்வேன். "மாறுனா என்ன தம்பி, ரெண்டும் மரந்தானே" என்பார்.

அவர் வீட்டு முற்றத்தைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். நடாமல் மிஞ்சிய கன்று, தண்டு ஒடிந்த கன்று, யாருக்கும் வேண்டாம் என்று லாரியிலேயே கிடந்த கன்று எல்லாம் அந்த முற்றத்துக்குத்தான் வந்து சேரும். தேக்கு, கொய்யா, மகிழம், நாவல், நடுவில் ஒரு முருங்கை. எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வெளிச்சத்தைத் தேடி ஓட்டடைக் கம்பு மாதிரி நெட்டையாகப் போயிருந்தன. ஒன்றாவது காய்த்ததா என்று கேட்டேன். அவர் மனைவி பதில் சொன்னார்.

"காய்க்கிறதா? வீட்டுக்குள்ள வெளிச்சம் வரலைன்னு சொன்னா இவிய லைட்டப் போடுதாவ. ஒண்ண வெட்டுங்கன்னா, எத வெட்டன்னு என்னையவே கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல, நீங்களே சொல்லுங்க."

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே நாவல் கன்றைக் கொய்யாவிடமிருந்து கொஞ்சம் இழுத்து ஒரு சணலால் கட்டினார். எனக்கு அன்றைக்கு அது தமாஷாகத்தான் இருந்தது.

சேத்தூர்க் கண்மாய்க் கரைக்கு வருகிறேன். அவருடைய அக்காவுக்கு அந்தக் கண்மாய்க்குக் கீழே ஒன்றரை ஏக்கர். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்த வயல்தான் அக்காவுக்கு எல்லாம். ஒரு கார்த்திகை மழையில் மடைக்குப் பக்கத்தில் கரை உடைந்து, வயல் முழுக்க மணல் மேவிவிட்டது. மணலை அள்ளி வயலை வயலாக்க இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷமும் அக்கா அடுத்த வயல்களில் களையெடுக்கப் போனார். கரை உடைந்த மறுநாள் அண்ணாச்சி அங்கே போய்ப் பார்த்திருக்கிறார். கரையில் ஒரு ஓரமாகப் பழைய பனை ஏழெட்டு நின்றது. அது நின்ற இடத்தில் மட்டும் கரை அசையவில்லை. மற்ற இடமெல்லாம் அரித்து, பாளம் பாளமாக விழுந்து கிடந்தது.

அதிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு. கரை முழுக்கப் பனை நிற்க வேண்டும். தான் இருக்கிறவரை அது மரமாகாது என்பதும் அவருக்குத் தெரியும். அக்கா கேட்டார்: "ஏலே தம்பி, இது எப்ப வளந்து எப்பக் கரையப் பிடிக்க? நான் இருப்பனா?"

"நீ இல்லேன்னா வயலு இருக்கும்லக்கா" என்றார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

பனை என்றால் பனைக்காரர்களிடம் கேட்க வேண்டும். கேட்டார், சம்மதித்தார்கள். ஆனால் அந்தக் கரையில் மரம் வைக்க ஊர்க்காரர்களிடம் பேசி ஒப்புதல் வாங்கி வைத்திருந்தது பச்சைத் தொப்பித் தலைவர். வேறு ஆளாக இருந்தால் யாராவது ஒருவர் பக்கம் போயிருப்பார். இவர் இரண்டு பேரையும் என் கடைக்கு வரச் சொன்னார். தலைவர் மில் முதலாளி, வீட்டில் தெலுங்கு, நல்ல நிதானமான மனிதர். தாடித் தம்பி கடைக்குள் வராமல் ஃபிளெக்ஸ் நாற்றம் ஆகாது என்று வாசலிலேயே நின்றார். அண்ணாச்சி ஒரு ஸ்டூலை வாசல்படியில் பாதியும் கடைக்குள் பாதியுமாகப் போட்டு, அடித்து வீணாய்ப்போன ஒரு போர்டின் பின்பக்கத்தில் கரையை வரைந்தார். கரைக்கு உள்பக்கம், அதாவது தண்ணீர்ப் பக்கம், பனைக்கு. வெளிப்பக்கம், வயல் பக்கம், கன்றுக்கு. பஸ்ஸில் பெண்களுக்கு இந்தப் பக்கம், ஆண்களுக்கு அந்தப் பக்கம் என்று பிரிக்கிற மாதிரிதான்.

"ரெண்டு பேருக்கும் எடம் இருக்குல்லா? பொறவு என்ன?" என்றார்.

"சரே, சரே" என்றார் தலைவர். தாடித் தம்பியும் தலையாட்டினார். இரண்டு கூட்டமும் சேர்ந்து வேலை செய்யப்போகிற முதல் இடம் அது. அண்ணாச்சி அன்றைக்கு எனக்கும் சேர்த்து எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

புரட்டாசியில் விதை போட்டார்கள். நானும் ஒரு நாள் போனேன். கடப்பாரையால் ஒரு குழி, அதில் ஒரு விதை, மேலே மண். அண்ணாச்சி மண்ணை மூடியதும் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டுகிற மாதிரி கரையை இரண்டு தட்டு தட்டி, "ரைட், ரைட்" என்பார். பையன்கள் சிரிப்பார்கள். சாயங்காலம் அவர் உடம்பு முழுக்கப் பனம்பழ வாசனை. இரண்டு வரிசை, கரை நெடுக.

பனை விதை போட்டவர்களுக்குத் தெரியும், மண்ணுக்கு மேலே லேசில் ஒன்றும் தெரியாது. முளை முதலில் கீழேதான் இறங்கும். இறங்கிக் கிழங்காகும். அதற்குப் பிறகு எத்தனையோ மாதம் கழித்துத்தான் மேலே ஒரு ஓலை எட்டிப் பார்க்கும். அதுவரைக்கும் பார்க்கிறவன் கண்ணுக்கு வெறும் கரை.

மார்கழியில் வெளிப்பக்கம் வம்பு வந்தது. வயல்காரர்கள் கூடி நின்று, கன்று வளர்ந்து நிழல் விழுந்தால் நெல் மணி பிடிக்காமல் பொக்காகிவிடும், இந்தப் பக்கம் ஒரு கன்று வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். ஆனால் பச்சைத் தொப்பிக்காரர்கள் ஐந்நூறு கன்றை நர்சரியிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து விருந்தாளி வருகிறார். வெள்ளிக்கிழமை மத்தியானம் தலைவர் போர்டு அடிக்க என் கடைக்கு வந்தார். அண்ணாச்சியும் அங்கேதான் இருந்தார்.

"கண்டக்டரே, உள்பக்கம் காலியாத்தானே கெடக்கு? நேத்துப் போய்ப் பாத்தேன், ஒரு வெதகூட மொளைக்கலையே. அதுல வெச்சிரலாமா?"

நான் போர்டுக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டேன். இவர் இப்போது இடம் இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அக்காவின் வயல், உடைந்த கரை, எல்லாம் இவருக்குத் தெரியாதா? அண்ணாச்சி தலைவர் முகத்தைப் பார்த்தார். தலைவர் முகத்தில் நிஜமான கவலை இருந்தது. வாடப்போகிற ஐந்நூறு கன்று, வரப்போகிற விருந்தாளி, ஊரில் கெடப்போகிற பேர். அந்த மாதிரி முகத்தோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிற யாரையும் அவர் விட்டுவிட்டுப் போனதில்லை.

"செத்த தள்ளித் தள்ளி வெச்சா…" என்றார். "வரிசைக்கு ஊடால எடம் இருக்கும். பாத்து வெச்சுக்கலாம்."

தலைவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். நானும் எழுந்து சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் இல்லையா? நல்ல பெரிய போர்டு, பதினைந்து அடி. நான் எழுத்தைக் கோத்தேன். தலைவர் போன பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது.

"என்ன அண்ணாச்சி இது? உள்ள பனை கெடக்கே. ஊடால எடம் எங்க இருக்கு?"

"நான் ஞாயித்துக்கெழம வெள்ளனவே போயிருவேன் தம்பி. எங்க தோண்டணும்னு சுண்ணாம்புப் பொடியால புள்ளி வெச்சிருவேன். பனைக்கு ஒரு கேடும் வராது. அவியளும் பாவம்லா."

"தாடித் தம்பிகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லணும்" என்றார்.

சொல்லவில்லை. சொன்னால் அந்தத் தம்பி மனசு கஷ்டப்படும் என்று தள்ளிப் போட்டிருக்கிறார். யார் மனசும் கஷ்டப்படாமல் காரியம் முடிந்துவிடும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். எனக்கு அவர் மேல் இன்றைக்கும் கோபம் இருக்கிறது என்றால் அது இதற்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி விடிந்ததும் ஒரு பை சுண்ணாம்புப் பொடியோடு போனார். நானும் போர்டு கட்டப் போனேன். அங்கே குழியெல்லாம் ஏற்கனவே தோண்டிக் கிடந்தது. விருந்தாளி வருகிற நேரத்தில் மிஷின் சத்தம் வேண்டாம் என்று தலைவருடைய மேனேஜர் சனிக்கிழமையே டிராக்டரில் குழி தோண்டுகிற மிஷினைக் கொண்டுவந்து வேலையை முடித்துவிட்டார். மேனேஜரைக் குற்றம் சொல்ல முடியாது. கரை காலியாக இருக்கிறது என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். மிஷினுக்கு நேராகப் போகத்தான் தெரியும். அது பனை வரிசையிலேயே நேராகப் போயிருந்தது. குழிக்குக் குழி ஈர மண் குவிந்து கிடந்தது. மண்ணில் மஞ்சளும் வெள்ளையுமாகத் துண்டு துண்டாகப் பனங்கிழங்கு.

அத்தனையும் முளைத்திருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒன்றிரண்டு அழுகிப் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அண்ணாச்சி ஒரு குவியலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அறுபட்ட கிழங்கை விதையோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். ஒட்டுமா என்று பார்க்கிற மாதிரி இருந்தது. சுண்ணாம்புப் பை கையிலேயே இருந்தது.

தலைவர் வந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிவிட்டார். "கண்டக்டரே, மொளைச்சிருக்கா! எனக்குத் தெரியாதே. நீங்க ஒரு வார்த்த அழுத்திச் சொல்லிருக்கலாமே."

"சொல்லிருக்கணும்" என்றார் அண்ணாச்சி.

விருந்தாளி வந்தார், கன்று வைத்தார், போட்டோ எடுத்தார்கள். என்னுடைய பதினைந்து அடி போர்டு பின்னால் நன்றாகத் தெரிந்தது. எல்லோரும் போன பிறகு தாடித் தம்பி நாலு பேரோடு வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் சத்தம் போடுவார் என்று பயந்தேன். போடவில்லை. கரை நெடுக நடந்து பார்த்துவிட்டு வந்து அண்ணாச்சி முன்னால் நின்றார்.

"எங்ககிட்டயும் எடம் இருக்குன்னு சொன்னீய. அவங்ககிட்டயும் எடம் இருக்குன்னு சொன்னீய. பனைக்கு என்ன சொன்னீய அண்ணாச்சி?"

கூட வந்த பையன்கள் புதிதாக வைத்த கன்றுகளைப் பிடுங்கப் போனார்கள். அப்போது அண்ணாச்சி ஓடிப்போய்க் கையை விரித்து மறித்தார். "வேண்டாம்ய்யா, அதும் உசுருதானே. வெச்சதப் பிடுங்காதீய. மிச்சப் பனையும் இருக்கு, அதும் இருக்கட்டும், இதும் இருக்கட்டும்." அறுபது தாண்டிய மனிதர் அப்படி நிற்பதைப் பார்த்ததும் பையன்கள் கையை எடுத்துவிட்டார்கள். தாடித் தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் அண்ணாச்சியைக் கூப்பிடவே இல்லை. தலைவரும் மரியாதையாகப் பேசுவார், ஆனால் கூட்டத்துக்குச் சொல்லி அனுப்புவதில்லை. இரண்டு கூட்டமும் இன்றைக்கும் மரம் நடுகிறது, வேறு வேறு கரையில்.

மிஷின் போனது பாதிக்குப் பாதிதான். குழிக்கும் குழிக்கும் நடுவில் இன்னும் பனை முளை இருந்தது. அதையாவது காப்பாற்ற வேண்டும் என்று நான் ஒரு வேலை செய்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே செய்தேன். பனைக்காரர்களுக்குப் பிளாஸ்டிக் ஆகாது என்று துணியிலேயே ஒரு பேனர் அடித்தேன். "இந்தக் கரையில் பனை முளைத்துக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து தோண்ட வேண்டாம்." வெறும் எழுத்தாக இருந்தால் யார் படிப்பார்கள் என்று படம் ஒன்று போட்டேன். மண்ணுக்குள் எப்படி இருக்கும் என்று ஜனங்களுக்குப் புரிய வேண்டும் அல்லவா? நல்ல விளைந்த பனங்கிழங்குக் கட்டு ஒன்றைப் பெரிதாக, மஞ்சளாக, பளிச்சென்று போட்டேன். நானும் அண்ணாச்சியும் போய் மடைக்குப் பக்கத்தில் இரண்டு கம்பு ஊன்றிக் கட்டிவிட்டு வந்தோம். "இனிமே ஒருத்தனும் கைய வைக்க மாட்டான் தம்பி" என்று அவர் என் முதுகில் தட்டினார்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. பொங்கலுக்குப் பனங்கிழங்கு இல்லாமல் எங்கள் பக்கத்தில் எந்த வீடு இருக்கிறது? சந்தையில் கட்டுக் கட்டாக வாங்கி வைக்கிற நேரத்தில், ஊருக்குப் பக்கத்துக் கரையில் சும்மா கிடக்கிறது என்று படம் போட்டுச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எத்தனை கண்ணீர் அஞ்சலி அடித்த கை இது. இந்தக் கைக்கு அது தோன்றவில்லை. மூன்றாம் நாளே கரையில் ஆள் இறங்கிவிட்டது. கடப்பாரை, மண்வெட்டி, பிள்ளைகள், பெரியவர்கள். யாரோ போன் பண்ணி அண்ணாச்சி ஓடினார். அவர் போய் என்ன சொன்னார் என்று கேட்டேன். "எல்லாம் நம்ம பஸ்ஸில வந்த சனந்தான் தம்பி" என்றார்.

பேனரை மட்டும் யாரும் தொடவில்லை. அது துவைத்துத் தேய்த்த மாதிரி நின்றது.

மாட்டுப் பொங்கலன்று காலையில் நான் கடையைப் பாதி திறந்து கூட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி மஞ்சள் பையோடு வந்தார். பைக்குள் மூன்று கட்டு பனங்கிழங்கு, மண்ணைக் கழுவி, ஓலை நாரால் கட்டியிருந்தது.

"அக்கா குடுத்து விட்டா" என்றார்.

"சந்தையில வாங்குனாவளா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் விளக்குமாற்றைச் சுவரோரம் சாத்தி வைத்தேன்.

"நேத்து வெள்ளன மம்பட்டியத் தூக்கிட்டுப் போயிருக்கா தம்பி. முட்டுவலிக்காரி. எல்லாரும் தோண்டுதாவ, மிச்சம் கெடக்கிறதையும் எவனாவது கொண்டு போயிருவான், நாம எடுத்தா என்னன்னு எடுத்திருக்கா. எனக்குச் சின்னதுல இருந்து பனங்கெழங்குன்னா உசுரு. அதுக்காவத்தான் போயிருக்கா."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"பொங்கலன்னைக்கு ஆசையாக் கொண்டாந்து குடுக்கா. என்னத்தச் சொல்ல?" பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து என் மேஜையில் வைத்தார். "ஒங்களுக்குன்னு ஒரு கட்டு தனியாக் கேட்டு வாங்குனேன்."

கரையில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவர் பையை மடித்து மிச்சக் கட்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். தலைவர் வீட்டுக்கு ஒரு கட்டு, தாடித் தம்பி வீட்டுக்கு ஒரு கட்டு என்று போகிற போக்கில் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தாரா, அவர்கள் வாங்கினார்களா என்று எனக்குத் தெரியாது.

என் கட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தாள். மத்தியானம் பிள்ளைகளோடு உட்கார்ந்து உரித்துச் சாப்பிட்டோம். நாரே இல்லை, மாவு மாதிரி இருந்தது.

"நல்ல கெழங்கா இருக்கே, எங்க கெடைச்சது? இன்னும் இருக்கா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல" என்றேன். "அம்புட்டுதான்."